கூலிக்காரி காலுக்கு என்ன கணக்கு?

"காலை வித்துத் தின்னுட்டா" என்று ஒரு பேச்சு நம்ம தெருக்களில் உண்டு. ரோட்டில் அடிபட்டு, கோர்ட்டுக்கு அலைந்து, நஷ்டஈடு வாங்கி, அந்தக் காசில் கூரை வீட்டுக்கு ஒரு தளம் போட்டால் போதும், இந்தப் பேச்சு கிளம்பிவிடும். புருசனை லாரிக்குப் பறிகொடுத்த பொம்பளைக்கும் இதே பேச்சுதான். சொல்கிறவர்களில் ஊர்க்காரர்கள் உண்டு, நம்மாட்களும் உண்டு. எனவே முதலில் இதையே கேள்வியாக்கிப் பார்ப்போம். உடம்பில் பட்ட அடிக்குக் காசு கேட்பது அந்த உடம்பை விற்பதாகுமா?

ஆகாது. விற்கிறவனுக்கு வேண்டாம் என்று சொல்லும் உரிமை இருக்கிறது. வேகமாக வந்த கார் யாரிடமும் விலை கேட்டுக்கொண்டு வரவில்லை. அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். எடுத்ததற்குப் பதில் சொல் என்று கேட்பதுதான் வழக்கு. இதில் வெட்கப்பட வேண்டியது அடிபட்டவளா, அடித்தவனா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 'கருணைத்தொகை' வேறு, 'இழப்பீடு' வேறு. கருணைத்தொகையைக் கொடுப்பவன் கை மேலே இருக்கும், வாங்குபவன் கை கீழே இருக்கும். கொடுக்காமல் போனாலும் கேட்க நாதியில்லை. இழப்பீட்டில் கை மேல் கை கீழ் கிடையாது. அது கடன். பட்ட கடனை வசூல் பண்ணுகிறவன் பிச்சைக்காரன் ஆகமாட்டான். நம் சனங்களுக்குக் காலகாலமாகப் பழக்கப்படுத்தியது முதலாவதை. நாம் கேட்க வேண்டியது இரண்டாவதை.

எங்கள் பக்கத்துக் காலனி அக்கா ஒருவரின் கதை இது. ஊர் ஒரு பக்கம், காலனி ஒரு பக்கம், நடுவில் நாலுவழிச் சாலை. நடவு முடிந்து ரோட்டைக் கடந்து வரும்போது ஒரு கார் அடித்துவிட்டுப் போய் மைல்கல்லில் முட்டி நின்றது. இடது கால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது விபத்துப் பதிவேட்டில் "கீழே விழுந்து அடிபட்டதாக" என்று எழுதிவைத்திருந்தார்கள். கொண்டுபோய்ச் சேர்த்தவர்களில் காரின் ஆள் ஒருவனும் இருந்தான். அந்த ஒரு வரியை உடைக்க வக்கீலுக்கு ஒரு வருசம் பிடித்தது.

நாலாம் நாள் ஊரிலிருந்து பெரியவர் ஒருவர் வந்தார். அக்காவைவிட வயதில் சின்னவர்தான். "ஏம்மா, நீ கேசு கீசுன்னு போனா காலு மொளச்சிடுமா? முப்பதாயிரம் வாங்கித் தர்றேன், பேசாம இரு. நாளைக்கு எங்க வயலுக்குத்தானே வரணும்?" என்றார். காலே இல்லாதவளிடம் வயலுக்கு வரணும் என்று பேசுகிற தைரியம் எங்கிருந்து வருகிறது? அடித்த காருக்கு இன்சூரன்ஸ் இருந்தது. சட்டப்படி அது கட்டாயம். கொடுக்கப்போவது கம்பெனி. காரின் சொந்தக்காரர் கையிலிருந்து ஒரு பைசா போகப்போவதில்லை. அப்படியும் சமாதானத்துக்கு ஆள் வருகிறது. காசை மிச்சம் பண்ண அவர் வரவில்லை. காலனிக்காரி தன்னைக் கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்பதை அவர்களால் தாங்க முடியவில்லை, அவ்வளவுதான்.

அக்கா வழக்குப் போட்டார். கோர்ட்டில் கம்பெனி வக்கீல் கேட்டார்: "மாசம் இவ்வளவு சம்பாதிச்சதா சொல்றீங்களே, ரசீது இருக்கா?"

"நடவுக்கு யாரு சார் ரசீது குடுப்பா? குடுத்திருந்தா நாங்க ஏன் சார் இப்படி இருக்கோம்?"

இங்கேதான் சட்டத்தின் கணக்கைப் பார்க்க வேண்டும். 1988ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் தீர்ப்பாயம் எப்படித் தொகை போடுகிறது? செத்தவரின் வருட வருமானத்தை எடுத்து, வயதுக்கு ஏற்ற ஒரு எண்ணால் பெருக்குகிறது. 2009இல் சர்லா வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த எண்களை வரிசைப்படுத்தியது. 31 முதல் 35 வயதுக்கு 16, 41 முதல் 45 வயதுக்கு 14, வயது ஏற ஏற எண் இறங்கும். ஊனமானால் சம்பாதிக்கும் சக்தியில் எத்தனை சதவீதம் போனதோ அத்தனை சதவீதம்.

ஒரே வயது, 32. இரண்டு பேர். ஒருவர் மாதம் 8,000 ரூபாய் கூலிக்காரர், மற்றவர் மாதம் 80,000 சம்பளக்காரர். ஒரே காரில் அடிபட்டு இருவரும் சாகிறார்கள். கழிவுகளுக்கு முன்னால் முதலாமவர் கணக்கு 15,36,000 ரூபாய். இரண்டாமவர் கணக்கு 1,53,60,000. இதோடு முடியவில்லை. எதிர்காலத்தில் வருமானம் கூடியிருக்கும் என்று ஒரு தொகை சேர்ப்பார்கள். 2017இல் பிரணய் சேத்தி வழக்கின் தீர்ப்புப்படி, 40 வயதுக்குள் நிரந்தர வேலையில் இருந்தவருக்கு 50 சதவீதம், சுயதொழில்காரருக்கும் நிலையான சம்பளக்காரருக்கும் 40 சதவீதம். ஆக, நாளை என்கிற நம்பிக்கைக்கும் இரண்டு விலை.

இது புதுசா? மனுவின் நூல் பதினோராம் அத்தியாயத்தில் கொலைக்குப் பிராயச்சித்தம் சொல்கிறது. பிராமணன் தெரியாமல் சத்திரியனைக் கொன்றால் ஆயிரம் பசு, வைசியனைக் கொன்றால் நூறு பசு, சூத்திரனைக் கொன்றால் பத்துப் பசு. அந்தப் பத்தும் செத்தவன் வீட்டுக்குப் போகாது, பிராமணனுக்குத் தானமாகப் போகும். பூனை, தவளை, நாய், காக்கையைக் கொன்றாலும் சூத்திரனைக் கொன்ற அதே பிராயச்சித்தம். அந்தப் பட்டியலில் நமக்கு ஒரு வரிகூடக் கிடையாது. 1927 டிசம்பர் 25 அன்று மகாடில் அம்பேத்கரும் தோழர்களும் அந்த நூலை எரித்தது சும்மா இல்லை.

இன்றைய சட்டமும் மனுவும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. சொன்னால் அது பொய். இன்றைய சட்டம் சாதி கேட்பதில்லை, வருமானம்தான் கேட்கிறது. பணம் அடிபட்டவர் கைக்கே வருகிறது. ஆனால் யாருக்கு எவ்வளவு வருமானம் என்பதை இந்த நாட்டில் எது முடிவு பண்ணியது? நிலம் யாரிடம் இருந்தது? பள்ளிக்கூடத்துக்குள் யாரை விட்டார்கள்? சாதி முன்வாசலில் தடுக்கப்பட்டு, கூலி என்ற பெயரில் கொல்லைவாசல் வழியாகக் கணக்குப் புத்தகத்துக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இழப்பீட்டுக்குச் சட்டம் சொல்லும் தத்துவம் எளிமையானது. அடிபடுவதற்கு முன் இருந்த நிலைமைக்கு, பணத்தால் முடிந்தவரை, ஆளைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நாம் முன்னால் இருந்த நிலைமை என்ன? குனிந்து நட்டு, குறைந்த கூலி வாங்கி, ரோட்டுக்கு அந்தப் பக்கம் கிடந்த நிலைமை. அந்த நிலைமையே ஒரு இழப்புதானே. அதற்கு வழக்குப் போட எந்தத் தீர்ப்பாயம் இருக்கிறது? இருந்த இடத்துக்கே திருப்பி விடுவதுதான் நீதி என்றால், தப்பான இடத்தில் நிறுத்தப்பட்டவனுக்கு அந்த நீதி பாதிதான்.

"வேற எப்படித்தான் அளக்கிறது? எல்லாருக்கும் ஒரே தொகைன்னா அதிகம் சம்பாதிச்சவன் குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துடாதா?" என்று கேட்பார்கள். சரியான கேள்வி. பதில் சட்டத்துக்குள்ளேயே கிடக்கிறது. ரயில் விபத்தில் செத்தால், 2017 ஜனவரி 1 முதல், 8 லட்சம் ரூபாய். ஏசி பெட்டியில் வந்தவருக்கும் பொதுப்பெட்டியில் நின்றுகொண்டு வந்தவருக்கும் அதே 8 லட்சம். வன்கொடுமைத் தடுப்பு விதிகளின்படி 2016இல் திருத்திய நிவாரணத் தொகைகளும் குற்றத்தைப் பார்த்துத்தான், கூலியைப் பார்த்து இல்லை. பிரணய் சேத்தி தீர்ப்பிலேயே ஈமச்சடங்குக்கு 15,000, துணையை இழந்ததற்கு 40,000 என்று எல்லாருக்கும் ஒரே தொகை. மூன்று வருடத்துக்கு ஒருமுறை 10 சதவீதம் கூட்டச் சொன்னார்கள். ஆக, பொண்டாட்டியின் துக்கத்தை மட்டும் சமமாக அளக்கத் தெரிகிறது! துக்கம் சமம் என்றால் உயிரும் உடம்பும் ஏன் சமமாகக் கூடாது? உடம்புக்கென்று எல்லாருக்கும் பொதுவாக ஒரு பெரிய தொகை, அதற்கு மேல் வருமான இழப்பு என்று வைத்தால் யார் குடும்பம் தெருவுக்கு வரும்? 2022 ஏப்ரல் முதல், தப்பு யாருடையது என்று நிரூபிக்காமலே சாவுக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் கேட்கலாம் என்று ஒரு பிரிவு இருக்கிறது. அந்த அடித்தளத்தை உயர்த்தக் கேட்பதுதான் நம் கோரிக்கையாக இருக்க வேண்டும்.

நமக்குச் சாதகமான தீர்ப்புகளும் உண்டு. அதைச் சனங்களுக்குச் சொல்லாமல் சட்டத்தைத் திட்டிக்கொண்டு மட்டும் இருப்பது படித்தவர்களின் சொகுசு. 2011இல் ஒரு கூலித்தொழிலாளி மாதம் 4,500 சம்பாதித்ததாகச் சொன்னதைத் தீர்ப்பாயம் 3,000 ஆக வெட்டியது. கூலிக்காரனிடம் காகிதம் எதிர்பார்க்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 4,500ஐ ஏற்றுக்கொண்டது. 2014இல் கால் போன ஒரு காய்கறி வியாபாரிக்கு, ரசீது இல்லாமலே, மாதம் 6,500 என்று எடுத்துக்கொண்டது. 2010இல் ராஜ்குமார் வழக்கில் இன்னும் முக்கியமான ஒன்றைச் சொன்னது. டாக்டர் எழுதும் ஊன சதவீதம் வேறு, பிழைப்பில் போன சதவீதம் வேறு. இடது கை போனால் அரசாங்க குமாஸ்தாவின் வேலை போகாமல் இருக்கலாம், தச்சனுக்கும் டிரைவருக்கும் நூறு சதவீதமும் போய்விடும். உடம்பை நம்பிப் பிழைக்கிறவர்களுக்கு இந்தத் தீர்ப்பு ஒரு ஆயுதம். நடவுக்காரிக்குக் கால் போனால் நாற்பது சதவீதம் இல்லை சார், வாழ்க்கையே போச்சு என்று வாதாட இடம் இருக்கிறது.

1993இல் வேறொரு வழிகாட்டுதல் வந்தது. படிப்பறிவில்லாதவர்களின் தொகையை ஏமாற்றுக்காரர்கள் பிடுங்கிவிடாமல் பேங்கில் போட்டுவைக்க வேண்டும் என்று. நல்லெண்ணம்தான். ஆனால் நடைமுறையில் தன் காசை எடுக்கக் கைநாட்டுக்காரி மனுப்போட்டு நிற்க வேண்டியதாயிற்று. இயந்திரத்தனமாக அப்படிச் செய்யாதீர்கள் என்று 2012இல் உச்ச நீதிமன்றமே சொல்ல வேண்டி வந்தது. நம்மைக் காப்பாற்றுவதாகச் சொல்பவர்கள் நம்மை மைனர்களாக்கிவிடக் கூடாது.

ஆகவே தோழர்களே, அடிபட்ட அன்றே ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் என்ன எழுதுகிறார்கள் என்று படிக்கத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் நின்று பாருங்கள். வண்டி நம்பரைக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் தகவல் அறிக்கை நகலைக் கேட்டு வாங்குங்கள். வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்க வரும் புரோக்கரை வாசலோடு அனுப்புங்கள். குடியிருக்கும் பகுதியின் தீர்ப்பாயத்திலேயே வழக்குப் போடலாம், விபத்து நடந்த ஊருக்கு அலைய வேண்டியதில்லை. ஓட்டினவன் பல நேரம் நம்மைப் போல ஒரு கூலிதான். அவன்மேல் ஆத்திரத்தைக் கொட்டுவதைவிட, சொந்தக்காரரையும் கம்பெனியையும் பதில் சொல்ல வையுங்கள்.

வரும் தொகை குறைவாக இருக்கலாம். அதற்காகக் கேட்காமல் விட்டால் நம் உடம்புக்கு விலையே இல்லை என்று நாமே ஒப்புக்கொண்டதாகிவிடும். அவர்கள் போடும் கணக்கை வாங்கிக்கொள்வோம். வாங்கும்போதே கணக்கு தப்பு என்றும் சொல்லுவோம்.