யார் பெயரில் அட்டை?

"முழு அட்டை வேணாம்ண்ணா, பாதி வெட்டிக் குடுங்க."

வேலூர் லாங் பஜாரில் ஒரு மருந்துக்கடை வாசலில் கேட்ட குரல். தெரிந்த பெண்தான். ஆம்பூர் ஷூ கம்பெனிகளுக்காக வீட்டுத் தரையில் உட்கார்ந்து பதினெட்டு வருடம் ஷூவின் மேல்பாகம் தைத்தவர். விரல் மூட்டுகள் வீங்கியிருந்தன. "முன்னாடி இ.எஸ்.ஐ.ல வாங்கிட்டிருந்தேங்க்கா. விவாகரத்தானதும் அது போச்சு. ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டுக்கிறேன்" என்றார்.

கணவர் தோல் கம்பெனித் தொழிலாளி. 1948ஆம் ஆண்டின் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் தொழிலாளியின் குடும்பத்தில் வாழ்க்கைத் துணையைச் சேர்த்தது. மணம் முறிந்தால் துணை இல்லை, சிகிச்சையும் இல்லை. நோய் மட்டும் கூடவே வருகிறது.

ஜீவனாம்சத்துக்கு வந்தால் சட்டம் வேறு மாதிரி பேசுகிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பழைய 125ஆம் பிரிவில், மறுமணம் செய்யாத விவாகரத்தான பெண்ணும் 'மனைவி'தான். இஸ்லாமியப் பெண்களுக்கும் அது பொருந்தும் என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் சொன்னது. ஆக, சோற்றுக்கு மனைவி; மருந்துக்கு யாரோ.

"பிரிந்த பிறகும் அவன் அட்டையில் எதற்குத் தொங்க வேண்டும்?" என்று வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள். சுயமரியாதையுள்ள கேள்வி. அவர் அங்கே தொங்க வேண்டாம் என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் முதலில் ஏன் தொங்க நேர்ந்தது?

இருவரும் உழைத்தது ஒரே தொழிலுக்கு. கம்பெனி வாசலுக்கு உள்ளே நின்றவருக்குக் கூலியில் 0.75 சதவீதம் பிடித்தார்கள், முதலாளி 3.25 சதவீதம் கட்டினார். வாசலுக்கு வெளியே, ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கியவரின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. அவருடைய உழைப்புக்குச் சேர வேண்டிய பாதுகாப்பு கணவர் பெயர் வழியாகச் சுற்றி வந்தது. அதனால் அது கணவர் போட்ட பிச்சைபோலத் தெரிந்தது. கம்பெனிக்குள்ளேயே வேலை செய்யும் பெண்ணுக்குச் சொந்த இ.எஸ்.ஐ. எண் உண்டு. அங்கே மணம் முறிந்தால் அட்டையிலிருந்து இறங்குவது கணவர்தான்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறதே என்பீர்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. நல்ல திட்டம்தான். பிரிந்து வாழும் பெண்கள் பழைய குடும்ப அட்டையிலிருந்து பெயரை நீக்கி, தனி அட்டைக்கு எழுதிக் கொடுப்பதைத் தள்ளிப் போடாதீர்கள். ஆனால் அதுவும் நம்மைக் குடும்பமாகத்தான் எண்ணுகிறது. மாதாமாதம் வாங்கும் மாத்திரைக்கு அதில் பெரும்பாலும் வழியும் இல்லை.

லாங் பஜாருக்குப் பக்கத்தில்தான் ஐடா ஸ்கடர் 1900இல் தொடங்கிய சி.எம்.சி. மருத்துவமனை. ஆண் மருத்துவர் தொடக்கூடாது என்று கணவர்கள் மறுத்ததால், ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்ததைத் திண்டிவனத்தில் பார்த்தவர் அவர். அந்த இரவுதான் அவரை மருத்துவராக்கியது. அன்று பெண்ணுக்கும் மருத்துவத்துக்கும் நடுவில் கணவரின் சம்மதம் நின்றது. இன்று அவர் பெயர் நிற்கிறது.

வலிக்கிற விரல் யாருடையதோ, அட்டையும் அவர் பெயரில்தான் இருக்க வேண்டும்.