ஐந்தாவது குருவி

(நற்செய்தி: மத்தேயு 6:24-34)



எதை உண்போம், எதை உடுப்போம் என்று கலங்கி நின்ற மக்களின் முகத்தை ஆண்டவர் இன்று வானத்தின் பக்கம் திருப்புகிறார். பறவைகளைப் பாருங்கள் என்கிறார். கிரேக்க மூலத்தில் அந்தச் சொல்லுக்கு உற்றுப் பார்ப்பது என்று பொருள். நாமோ அதை உவமையாகக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறோம். அது கட்டளை, அன்புக்குரியவர்களே. அதை நிறைவேற்றியவர்கள் நம்மில் எத்தனை பேர்?

இதே போதனையை எழுதும் லூக்கா, காகங்கள் என்று பெயரே சொல்கிறார். காகம் தீட்டான பறவை என்றது லேவியர் நூல். அந்தக் காகத்துக்கும் இறைவன் உணவளிக்கிறார். கெரீத்து ஓடையருகே எலியாவுக்குக் காலையும் மாலையும் அப்பமும் இறைச்சியும் கொண்டுவந்தவையும் காகங்களே.

போன ஆனி மாதம், காலைத் திருப்பலி முடிந்து நம் கோயில் வேப்பமரத்தடிக்கு வந்தேன். கிளையில் ஒரு குயில் குஞ்சு வாயைப் பிளந்து, இறக்கை நடுங்கக் கத்திக்கொண்டிருந்தது. காகம் ஒன்று பறந்து வந்து ஊட்டியது. போனது, மறுபடி இரையோடு வந்தது. காகத்தின் கூட்டில் குயில் முட்டையிடும் என்று பள்ளியில் படித்தபோது, ஏமாந்த காகத்தின் கதையாகவே அதை நினைத்திருந்தேன். நேரில் கண்ட அன்றோ, தான் பெறாத பிள்ளையின் பசிக்கு ஊட்டிய அந்த அலகில் வானகத் தந்தையின் கையைக் கண்டேன். அரைமணி நேரம் அங்கேயே நின்றேன். அதுவும் செபம்தான்.

நெல்லை மாவட்டத்துக் கூந்தன்குளத்தில் நாரைகளும் கூழைக்கடாக்களும் வீட்டோர மரங்களிலேயே கூடு கட்டுகின்றன. அவை மிரளக் கூடாது என்று ஊரார் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. 1994-இல் சரணாலயம் என்ற பெயர் வருமுன்பே அந்த மக்கள் அவற்றைக் காத்தார்கள். நாள்தோறும் பார்த்தார்கள்; பார்த்ததால் நேசித்தார்கள்; நேசித்ததால் காத்தார்கள்.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் எழுதிய சுற்றுமடலில் இப்பூமியை நம் பொது இல்லம் என்றார். ஒரே வீட்டில் குடியிருப்பவர்களின் முகம் நமக்குத் தெரிய வேண்டாமா?

இந்த வாரம் ஒரு நாள் விடியற்காலையில், கைப்பேசியை வீட்டில் வைத்துவிட்டு, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு குளத்தங்கரைக்குப் போங்கள். முடியாதவர்கள் மொட்டைமாடிக்கு ஏறுங்கள். கால் மணி நேரம் பேசாமல் நில்லுங்கள். பறவையின் பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. கூட்டை மட்டும் நெருங்காதீர்கள்.

ஆண்டவர் வாழ்ந்த காலத்துச் சந்தையில் ஒரு காசுக்கு இரண்டு குருவிகள். இரண்டு காசு கொடுத்தால் ஐந்து. ஐந்தாவது குருவி வெறும் கொசுறு. அந்தக் கொசுறையும் கடவுள் மறப்பதில்லை என்றார் இயேசு. கடனிலும் நோயிலும் நொந்து, ‘நானும் ஒரு கொசுறுதானோ’ என்று இரவெல்லாம் விழித்துக் கிடக்கும் சகோதரனே, சகோதரியே, விடிந்ததும் வாசலுக்கு வா. உன் கூரையில் ஒரு குருவி இரை தேடிக்கொண்டிருக்கும். அதை உற்றுப் பார்.

ஆமென்.