நாற்றம் யாருடையது?

ஒரு கொரியப் படம் பார்த்து அழுதேன். மறுநாளே நான் செய்த காரியம் ஒன்று இருக்கிறது. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் நியாயம்.

2020 பிப்ரவரியில் போங் ஜூன்-ஹோவின் 'பாரசைட்' நான்கு ஆஸ்கர் விருதுகளைப் பெற்றது. ஆங்கிலம் அல்லாத ஒரு படம் சிறந்த படத்துக்கான விருதை வாங்கியது அதுவே முதல்முறை. நம்மூரில் அப்போது எழுந்த பேச்சு, 1999இல் வந்த 'மின்சார கண்ணா' கதையைத் திருடிவிட்டார்கள் என்பது. கதை யாருடையது என்று அடித்துக்கொண்டவர்கள், படத்தில் வரும் நாற்றம் யாருடையது என்று கேட்கவில்லை.

சியோல் நகரத்தில் பாதி மண்ணுக்குள் புதைந்த வீட்டில் வாழும் கிம் குடும்பம், பணக்காரர் ஒருவர் வீட்டில் வேலைக்குச் சேர்கிறது. அவர்கள்மீது ஒரே வாடை வீசுவது அந்த வீட்டில் தெரிந்துவிடுகிறது. சோப்பை மாற்றலாமா என்று யோசிக்கிறார்கள். இது வீட்டு வாடை, இந்த வீட்டை விட்டுப் போனால்தான் போகும் என்கிறாள் மகள். கடைசியில், குத்துப்பட்டுக் கிடப்பவனின் அடியிலிருந்து கார் சாவியை எடுக்கும் முதலாளி மூக்கைப் பிடித்துக்கொள்கிறார். அந்த ஒரு நொடிக்காகத்தான் டிரைவர் கிம் கத்தியை எடுக்கிறான்.

சென்னையில் மால் தியேட்டரில் பார்த்தேன். அக்கம்பக்கத்தில் விசும்பல் கேட்டது. கிம்முக்காக அழுத இவர்களில் எத்தனை பேர் வீட்டில் வேலைக்கார அம்மாவுக்குத் தனி டம்ளர் இருக்கிறது? தூரத்து ஏழைக்காகச் சிந்தும் கண்ணீருக்குச் செலவில்லை. செலவில்லாத ஒன்றை அறம் என்று சொல்லலாமா?

தமிழர் எல்லோரும் ஒரே கூரையின்கீழ் உட்கார்ந்து நிகழ்ச்சி பார்த்த முதல் இடம் சினிமாக் கொட்டகை என்றும், அங்கே இருக்கையை முடிவு செய்தது சாதிப் படிநிலை அல்ல, காசு என்றும் கா. சிவத்தம்பி எழுதினார். சரிதான். கோயிலுக்குள் விடாதவன் கொட்டகைக்குள் விட்டான். காசு நாறாது. காசு கொடுத்தவன்? 2023 மார்ச் 30 அன்று, 'பத்து தல' படத்துக்கு டிக்கெட்டோடு வந்த நரிக்குறவர் குடும்பத்தைச் சென்னை ரோகிணி தியேட்டரில் வாசலிலேயே தடுத்தார்கள். எதிர்ப்பு எழுந்தபின் உள்ளே விட்டார்கள். குழந்தைகளுக்கான தணிக்கை விதியைக் காரணம் காட்டியது நிர்வாகம். முதல்நாள் காட்சிக்கு வரும் எல்லாக் குழந்தைக்கும் அந்த விதியைப் பார்க்கிறார்களா என்பதுதான் நம் கேள்வி.

கிம்மின் வாடை ஈரச் சுவரிலிருந்து வருகிறது. வீடு மாறினால் போகும். எங்கள் நாற்றம் எங்கிருந்து வருகிறது? கல்லூரியில் ஒருவன் மூன்று மாதம் என்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டான். ஒருநாள் ஊர் பேர் கேட்டான், பிறகு தெரு பேரும் கேட்டான். மறுநாளிலிருந்து "வயிறு சரியில்லடா". சோறு அதேதான், கையும் அதேதான். அவன் மூக்குக்குச் செய்தி காது வழியாகப் போயிருக்கிறது. எங்கள் ஸ்ரீமுஷ்ணத்தில் சாமியே பூவராகன், பன்றி அவதாரம். அவருக்குத் துளசியும் சந்தனமும். பன்றி மேய்க்கிறவன் வந்தால் "தள்ளிப் போடா". நாறுவது பன்றியா?

இனி என் கதை. ராத்திரி ரயிலில் வந்திறங்கி, விருத்தாசலத்தில் ஸ்ரீமுஷ்ணம் பஸ் ஏறினேன். துப்புரவு வேலை முடித்த ஓர் அம்மா, வேலைச் சட்டையோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினேன். வெகு லேசாகத்தான். அவர் பார்த்துவிட்டார். "நீ நல்லா உக்காரு தம்பி, எனக்கு நிக்கிறது பழக்கந்தான்" என்று எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டார். "உக்காருங்கம்மா" என்ற ஒரு வார்த்தை என் வாயில் வரவில்லை.

நான் பறையன். எங்கள் பக்கம் அந்த வேலையை எந்தச் சாதியின் தலையில் கட்டியிருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். என் மூக்குக்கு வந்தது சாக்கடை வாடைதானா, இல்லை எனக்கும் காது வழியாகத்தான் போனதா? இன்றுவரை என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. சாக்கடை வாடை என்றே வைத்துக்கொள்வோம். அது யார் கழித்த கழிவு? ஊரின் நாற்றத்தை ஊருக்காகச் சுமந்தவரைப் பார்த்து மூக்கைத் திருப்பியவன் நான். முதல்நாள் கத்தியோடு நின்ற கிம்முக்காக அழுதவன், மறுநாள் சாவி எடுத்த முதலாளியாக இருந்தேன்.

பழந்தமிழில் நாற்றம் என்றால் நறுமணமும்தான். நற்றிணை 45ஆம் பாட்டில், தேருடைய செல்வனின் மகனைப் பார்த்துப் பரதவர் வீட்டுப் பெண்ணின் தோழி, நாங்கள் புலால் நாறுகிறோம், தள்ளி நில், எங்களுக்குள்ளும் தலைவர்கள் உண்டு என்கிறாள். வெட்கமில்லாத பேச்சு. விலகி நிற்கச் சொல்லும் உரிமையை அவள் தன் கையில் எடுத்துக்கொள்கிறாள்.

கொரியாவிலும் மாடு அறுத்ததற்காகத் தீண்டப்படாதவராக வைக்கப்பட்ட பெக்ஜோங் மக்கள் இருந்தார்கள். 1894இல் சட்டம் அவர்களை விடுவித்தது, ஊர் விடுவிக்கவில்லை. 1923இல் ஜின்ஜு நகரில் அவர்களுக்காகத் தொடங்கிய இயக்கத்தின் பெயர் ஹியோங்பியோங்சா. சமமான தராசு என்று பொருள். கறி நிறுத்த தராசையே நீதியின் பெயராக்கினார்கள்! நான்கு வருடம் கழித்து மகாத்தில் அம்பேத்கர் குளத்துத் தண்ணீரை அள்ளினார். கொரியப் படங்கள் இன்று நம்மூர் தியேட்டர் வரை வருகின்றன. இந்த வரலாறு வரவில்லை.

படம் பார்த்து அழ வேண்டாம் என்று சொல்லவில்லை தோழர்களே. அழுங்கள். வெளியே வந்து பஸ் ஏறும்போது பக்கத்து சீட்டில் யார் வந்து உட்காருகிறார்கள் என்று பாருங்கள். அவர் எழுந்துகொள்ளும்படி நடந்துகொண்டால், அந்தக் கண்ணீருக்கு மதிப்பில்லை. இப்போதும் அந்த பஸ்ஸில் ஏறும்போதெல்லாம் அந்த அம்மாவைத் தேடுகிறேன். "உக்காருங்கம்மா" என்ற சொல் இன்னும் என்னிடமே இருக்கிறது.