மூச்சு விட்ட ஆட்டுக்குட்டி



பிரசவம் எப்படித் தொடங்குகிறது என்று நியூசீலாந்தின் ஒக்லாந்து நகரில் வைத்தியர் லிக்கின்ஸ் ஆடுகளில் ஆராய்ந்தார். குறைமாதத்தில் பிறந்து, சுவாசப்பை முதிராமல் இறந்திருக்கவேண்டிய குட்டியொன்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அவர் தேடியது அதுவன்று. ஆயினும் அதைக் கடந்து போகவில்லை. கருவிலேயே குட்டிக்கு ஏற்றிய மருந்து சுவாசப்பையை முதிரச் செய்திருக்கிறது என்று உணர்ந்தார். சிசு வைத்தியர் ஹோவியுடன் அதைத் தாய்மாரில் சோதித்து, 1972இல் முடிவை வெளியிட்டார். குறைமாதப் பிரசவம் நெருங்கும் தாய்மாருக்கு இன்று பல நாடுகளில் அவ்வகை ஊசி போடப்படுகிறது.

மண்ணில் மூச்சூதிய இறைவன், ஓர் ஆட்டுக்குட்டியின் மூச்சாலும் பேசினார். ஆனால் அந்த ஊசி வேலைசெய்யப் பிரசவத்துக்கு முன் நேரம் வேண்டும். ஆகவே, காலத்துக்கு முன் நோவு கண்டால் 'விடியட்டும், பார்ப்போம்' என்று இருந்துவிடாதீர்கள். நேர்த்தி வையுங்கள், வைத்தியசாலைக்குப் போகும் வழியில் வையுங்கள்.