தட்டிப் பார்க்க முடியாத பொருள்

விருத்தாசலத்தில் பீங்கான் சாமான் வாங்குகிறவர்களை நான் பல தடவை நின்று வேடிக்கை பார்த்திருக்கிறேன். ஊறுகாய் ஜாடியோ, டீக் கோப்பையோ, எதுவானாலும் இடது கையில் தூக்கிப் பிடித்து வலது கை விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டுகிறார்கள். ‘டிங்’ என்று மணி போல ஒலித்தால் எடுத்துக்கொள்கிறார்கள். ‘டப்’ என்று செத்த ஒலி வந்தால் பேசாமல் இருந்த இடத்தில் வைத்துவிடுகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத விரிசல் காதுக்குத் தெரிந்துவிடுகிறது. கடைக்காரருக்கு இதில் கோபம் கிடையாது. தட்டாமல் வாங்கிப் போகிறவனைக் கண்டால்தான் அவருக்குச் சிரிப்பு வரும்.

சோதித்துப் பார்ப்பது அவமரியாதை ஆகாது என்பதற்கு இந்த ஊரிலே புராண சாட்சியமே இருக்கிறது. சுந்தரருக்கு இந்தத் தலத்து இறைவன் பன்னிரண்டாயிரம் பொன் கொடுத்தார். அதை இங்கே மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்துக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. சுந்தரர் என்ன செய்தார் தெரியுமா? ஆற்றில் போடுமுன் அந்தப் பொன்னிலிருந்து மாதிரிக்குக் கொஞ்சம் வெட்டி வைத்துக்கொண்டார். திருவாரூரில் எடுத்த பொன்னை அதோடு உரைத்துப் பார்த்தார், மாற்றுக் குறைந்திருந்தது, விடவில்லை, பாடிச் சரிசெய்துகொண்டார். கொடுத்தவர் கடவுள், வாங்கியவர் அவருடைய தோழர். அங்கேயே மச்சம் வெட்டி வைக்க வேண்டியிருந்தது என்றால் நம்மைப் போன்றவர்கள் ஒரு ஜாடியைத் தட்டிப் பார்ப்பதில் என்ன குற்றம்?

ஆனால் வீட்டை எப்படித் தட்டிப் பார்ப்பது?

இந்த ஊர்ச் சூளைகளில் வேலை பார்த்தவர்கள் ஒன்று சொல்வார்கள். 1957-இல் தொடங்கிய நெய்வேலிச் சுரங்கத்தில், நிலக்கரிக்கு மேலே கிடந்த வெள்ளைக் களிமண்தான் இங்கே பீங்கான் தொழிலை வளர்த்தது. அந்த மண்ணைக் கரைத்து, அச்சில் வார்த்து, உலர்த்திச் சூளையில் வைப்பதற்கு முன்னால் மயிரிழை போல ஒரு விரிசல் விழுந்துவிட்டால், மேலே எவ்வளவு கிளேஸ் பூசினாலும் பயனில்லை. ஆயிரம் டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் விரிசல் வாயைத் திறந்துவிடும். பீங்கானில் பொய் சொல்ல நெருப்பு இடம் கொடுப்பதில்லை.

வீட்டுக்கும் ஒரு சூளை உண்டு. அதற்குப் பெயர் ஐப்பசி மழை. ஆகவேதான், கவனித்துப் பாருங்கள், வீடு விற்க நினைப்பவர்கள் மாசி பங்குனியில் சுண்ணாம்பு வாளியை எடுக்கிறார்கள். சித்திரைக்குள் முன்பணம் வாங்கிவிடப் பார்க்கிறார்கள்.

நான் விற்கிறவர்களைப் பழிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. விற்பனைக்கு வந்த வீட்டைச் சிங்காரிப்பது தப்பே இல்லை. நிலைக்கதவைத் தேய்த்து எண்ணெய் போடுவது, கூடத்தில் அடைந்து கிடக்கும் பழைய பீரோவை அப்புறப்படுத்தி வெளிச்சம் வரவிடுவது, உடைந்த ஓட்டை மாற்றுவது, கொல்லைப் புதரை வெட்டுவது — இவையெல்லாம் வீட்டுக்குச் செய்யும் மரியாதை. முப்பது வருஷம் நம்மைச் சுமந்த வீட்டை அழுக்குச் சட்டையோடு அந்நியன் முன்னால் நிறுத்தலாமா? பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் பெண்ணுக்குத் தலைவாரிப் பூ வைக்கிறோம். அதை யாரும் மோசடி என்பதில்லை. (ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணம் செய் என்கிறார்களே, அது ஆயிரம் பேருக்குப் ‘போய்ச் சொல்லி’ என்பதன் திரிபு என்று விளக்கம் சொல்வாரும் உண்டு. விளக்கம் எப்படியோ, ஜனங்கள் வசதியான பாடத்தைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.)

சிக்கல் எங்கே வருகிறதென்றால், சிங்காரிப்பதற்கும் மறைப்பதற்கும் ஒரே மட்டப்பலகை, ஒரே தூரிகை, ஒரே கொத்தனார். ஓதம் ஏறி உப்புப் பூத்த சுவரைக் கொத்தி, நீர் வரும் வழியை அடைத்துப் பூசுகிறவனும் கூலி வாங்குகிறான். உப்பைச் சுரண்டிவிட்டு மேலே பட்டி பார்த்து வர்ணம் அடிக்கிறவனும் கூலி வாங்குகிறான். வெளியே நின்று பார்த்தால் இரண்டும் ஒரே வெள்ளை. வித்தியாசம் சுவரில் இல்லை, சொந்தக்காரன் மனசில் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க நான் ஒரு கேள்வி வைத்திருக்கிறேன். வாங்க வருகிறவன் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது இந்த வேலையைச் செய்வோமா? கதவுக்கு எண்ணெய் போடுவோம். ஓட்டை மாற்றுவோம், பெருமையாகவே மாற்றுவோம். ஆனால் கரையான் அரித்த உத்தரத்தின் பொந்தில் சிமெண்டை அடைத்துச் சாயம் தடவுகிற வேலையை, அவன் வருவதற்குள் முடித்தாக வேண்டும் அல்லவா?

இந்த வழக்கு இன்று நேற்று வந்ததன்று. ரோமாபுரியில் சிசரோ என்ற பேச்சாளர் கி.மு. 44-இல், ஏதென்ஸில் படித்துக்கொண்டிருந்த தம் மகனுக்கென்று கடமைகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் ஒரு வீடு வருகிறது. பார்க்க நல்ல வீடு. ஆனால் படுக்கை அறைகளில் பாம்பு நடமாட்டம். மரமெல்லாம் மட்டம், எப்போது விழுமோ தெரியாது. இது சொந்தக்காரனுக்கு மட்டுமே தெரியும். சொல்லாமல் விற்கலாமா? இரண்டு தத்துவ ஞானிகள், ஒருவர் குரு, மற்றவர் சீடர், எதிரெதிர் கட்சி பேசியதாகச் சிசரோ எடுத்து வைக்கிறார். குரு பாபிலோனைச் சேர்ந்த தியோஜனிஸ் (பீப்பாய்க்குள் குடியிருந்த தியோஜனிஸ் வேறு). அவர் கட்சியை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. வாங்கு என்று அவன் உன்னைக் கட்டாயப்படுத்தினானா? தனக்குப் பிடிக்காததை விற்கிறான், உனக்குப் பிடித்ததை நீ வாங்குகிறாய். தன் சரக்கின் குறையைத் தானே தமுக்கடித்துச் சொல்லும் விற்பனைக்காரனைப் போல அசட்டுப் பிராணி உலகத்தில் உண்டா? இது குரு. சீடர் ஆண்டிபேட்டர் ஒப்பவில்லை. வழி தெரியாமல் நிற்கிறவனுக்கு வழி காட்டாமல் இருப்பதே பாவம் என்றால், இது அதைவிட மோசம், தெரிந்தே ஒருவனைப் பள்ளத்துக்குள் அனுப்புவது என்றார். சிசரோ சீடர் பக்கம் தீர்ப்புச் சொல்கிறார். பேசாமல் இருப்பதெல்லாம் மறைப்பது ஆகாது. ஆனால் உனக்குத் தெரிந்தது அவனுக்குத் தெரியாமல் இருப்பதால் உனக்கு லாபம், ஆகையால் பேசாமல் இருக்கிறாய் என்றால், அது மறைப்பதுதான்.

நம்முடைய சட்டப் புத்தகம் இதில் இன்னும் ருசிகரமானது. 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தில் 17-வது பிரிவுக்கு ஓர் உதாரணம் கொடுத்திருக்கிறார்கள். ஒருவன் நோய்க் குதிரையை ஏலத்தில் விற்கிறான். நோயைப் பற்றி வாய் திறக்கவில்லை. அது மோசடி அல்லவாம். அடுத்த உதாரணத்தில், அதே குதிரையை வாங்குகிறவள் அவனுடைய சொந்த மகள், இப்போதுதான் மேஜரானவள். அப்போது சொல்லியாக வேண்டுமாம்! சட்டம் எழுதிய வெள்ளைக்காரர் கதை எழுதியிருந்தால் நன்றாக எழுதியிருப்பார் என்று தோன்றுகிறது. உறவு இருந்தால் உண்மை. இல்லாவிட்டால் ‘தட்டிப் பார்த்து வாங்கிக்கொள்.’

ஆனால் பத்து வருஷம் கழித்து 1882-இல் வந்த சொத்து மாற்றுச் சட்டம் வீட்டைக் குதிரையாகக் கருதவில்லை. வாங்குகிறவன் சாதாரண ஜாக்கிரதையோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத முக்கியமான குறை ஒன்று விற்கிறவனுக்குத் தெரிந்திருந்தால், அவன் அதைச் சொல்லக் கடமைப்பட்டவன். சொல்லாமல் விடுவது மோசடி. 55-வது பிரிவு இது. வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளாதவரை இதுதான் சட்டம். வீடு விற்கும் விஷயத்தில் மட்டும், முன்பின் அறியாதவனும் நமக்கு மேஜரான மகளாகிவிடுகிறான்!

சட்டம் இருந்து என்ன? நாம் வீடு வாங்கும்போது பதிவாளர் அலுவலகத்தில் முப்பது வருஷத்து வில்லங்கம் போட்டுப் பார்க்கிறோம். அந்தக் காகிதத்தில் அடமானம் வரும், பாகப்பிரிவினை வரும். சுவரின் வில்லங்கத்தை எந்த அலுவலகத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள்? அது அக்கம்பக்கத்தார் நெஞ்சில்தான் பதிவாகியிருக்கிறது.

எங்கள் தெருவில் ஒரு வீடு விலைக்கு வந்தது. சொந்தக்காரர் பீங்கான் பட்டறையில் சூளைப் பக்கம் முப்பது வருஷம் உழைத்த பெரியவர். மனைவிக்கு ஆபரேஷன், மகன் வெளியூரில். வீட்டின் பின்கட்டு அறைக்கு அடியில் ஒரு பழைய கிணறு உண்டு. அவருக்கு முந்தியவர் அதைச் சரியாகத் தூர்க்காமல் குப்பையும் செம்மண்ணும் கொட்டி மூடி, மேலே அறை எழுப்பிவிட்டார். கனத்த மழைக்குப் பிறகு அந்தத் தரை ஒரு விரற்கடை இறங்கும். தெருவில் எல்லாருக்கும் தெரியும். விற்பதென்று முடிவானதும் பெரியவர் அந்த அறைக்குப் புதிதாக டைல்ஸ் பதித்தார். வழுவழுவென்று, முகம் பார்க்கலாம் போல. வீட்டிலேயே அழகான அறை அதுதான் என்று ஆகிவிட்டது.

வாங்க வந்தவர் திட்டக்குடிப் பக்கத்து ஆரம்பப்பள்ளி ஆசிரியர். பணி ஓய்வுப் பணம் மொத்தத்தையும் இதில் போட இருந்தவர். வீட்டைப் பார்த்துவிட்டு நேரே என் திண்ணைக்கு வந்தார். “சார், நீங்க இங்கேயே இருக்கிறவங்க. வீடு எப்படி?” என்றார். நான், “பின்கட்டு அறைக்கு அடியிலே முன்னே என்ன இருந்ததுன்னு பெரியவரையே கேளுங்க” என்றேன். அதற்கு மேல் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர் அவர் என்று எண்ணினேன்.

அன்று சாயங்காலமே பெரியவர் வந்தார். உட்காரவில்லை.

“தம்பி, நான் இந்த வீட்டை வாங்கும்போது எனக்கு எவன் சொன்னான்? இந்தத் தெருவே வாயை மூடிக்கிட்டு இருந்துதே. முதல் மழையிலேதான் எனக்கே தெரியும். அப்போ இல்லாத நியாயம் இப்போ எங்கேயிருந்து வந்தது?” என்றார். பிறகு, “கதையிலே பொய் எழுதிக் காசு வாங்கறவங்க நீங்க. நீங்க நியாயம் பேசறீங்க, அதுக்கு நான் பணம் கட்டணும். உங்களுக்கு இதிலே ஒரு காசு நஷ்டம் உண்டா?” என்றார்.

கதையைப் பற்றிய பேச்சுக்குப் பதில் சுலபம். வாங்குகிறவன் பொய் என்று தெரிந்தே வாங்குகிற சரக்கு அது ஒன்றுதான். ஆனால் கடைசிக் கேள்வி அப்படிப்பட்டதல்ல. உண்மையைச் சொல் என்று பிறருக்கு உபதேசிப்பவர்கள் பெரும்பாலும் அதன் விலையைக் கொடுக்காதவர்கள். ஆசிரியருக்கு ஒரு நன்மை செய்தேன் என்றால், அதற்கான செலவை ஆஸ்பத்திரிப் பணத்துக்கு அலைந்துகொண்டிருந்த ஒரு கிழவரின் கணக்கில்தான் எழுதினேன். இதை நான் பல நாள் யோசித்திருக்கிறேன்.

யோசித்ததில் எனக்குத் தெளிந்தது இவ்வளவுதான்: அந்த நஷ்டத்தை என் வார்த்தை உண்டாக்கவில்லை. கிணற்றை ஒழுங்காகத் தூர்க்காத நாளிலேயே அது பிறந்துவிட்டது. அன்று முதல் அது வீட்டோடு வீடாக விற்கப்பட்டு வந்திருக்கிறது. முதல்வர் பெரியவருக்கு விற்றார், பெரியவர் ஆசிரியருக்கு விற்கப் போனார். நஷ்டம் யாருடையது என்பதல்ல கேள்வி, யாரிடம் போய் நிற்கும் என்பதே கேள்வி. தெரியாதவன் எவனோ அவனிடம் போய் நிற்கட்டும் என்பது தியோஜனிஸின் வழி. ஏமாந்த ஒருவர் தாம் ஏமாந்ததையே இன்னொருவரை ஏமாற்றும் உரிமைப் பத்திரமாக வைத்துக்கொள்ள முடியுமானால், அந்தக் கிணறு என்றைக்கும் தூராது. இப்படிச் சொல்லும்போதே, பெரியவர் வீட்டில் அன்று இரவு என்ன பேசிக்கொண்டிருப்பார்கள் என்ற நினைப்பும் கூடவே வருகிறது. நியாயம் என் பக்கம் இருந்தது என்று நம்புகிறேன். அது எனக்கு இலவசமாகக் கிடைத்த நியாயம் என்பதையும் மறுக்க மாட்டேன்.

ஆசிரியர் போய்க் கேட்டிருக்கிறார். பெரியவர் மறைக்கவில்லை, ஒரு டைல்ஸைத் தாமே கடப்பாறையால் பெயர்த்துக் காட்டினாராம். விலை குறைந்தது. ஆனாலும் ஆசிரியர் விலகவில்லை. மண்ணை வெட்டி எடுத்து, அடியிலிருந்து ஜல்லியும் மணலும் போட்டு இடித்துக் கெட்டிக்க ஆகும் செலவைக் கொத்தனாரிடம் கணக்குக் கேட்டு, கிட்டத்தட்ட அந்தத் தொகையைத்தான் குறைத்தார். நியாயமான மனிதர்.

கிரயப் பத்திரம் எழுதுகிற அன்று சாட்சிக் கையெழுத்துக்கு ஆசிரியர் என்னை அழைத்துப் போயிருந்தார். பெரியவர், பின்கட்டு அறை பழைய கிணற்றின் மேல் கட்டப்பட்டது என்பதையும், அதை வாங்குகிறவர் தெரிந்தே வாங்குகிறார் என்பதையும் பத்திரத்தில் எழுதவேண்டும் என்றார். பத்திர எழுத்தர் பேனாவை நிறுத்தினார். இத்தனை வருஷத் தொழிலில் இப்படி ஒரு வரி எழுதியதில்லை என்றார்.

ஆசிரியர் தயங்கினார். “அது எதுக்குங்க ஐயா? நமக்குள்ளே பேசியாச்சு. நாளைக்கு என் பிள்ளைங்க விற்கணும்னா…” என்று இழுத்தார்.

பெரியவர் அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எழுத்தரிடம் திரும்பி, “எழுதுங்க” என்றார்.

கோபத்தில் சொன்னாரா, பிற்பாடு வழக்கு வரக்கூடாது என்று ஜாக்கிரதையாகச் சொன்னாரா, அல்லது முப்பது வருஷம் முன்பு தமக்கு யாரும் எழுதிக் கொடுக்காத வரியை நினைத்துச் சொன்னாரா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. வரி பத்திரத்தில் இருக்கிறது. கீழே என் கையெழுத்தும் இருக்கிறது. ஜங்ஷனில் மனைவியைக் கைத்தாங்கலாக ரெயிலேற்றி அவர் ஊரை விட்டுப் போன நாள் வரை என்னோடு பேசவில்லை.