தலை குனிய ஓர் இடம்

புடாபெஸ்ட், நம்மை அண்ணாந்து பார்க்க வைக்கிற ஊர். டான்யூப் நதிக்கரையில் நிற்கும் பாராளுமன்றக் கட்டடம் 96 மீட்டர் உயரம். ராத்திரி விளக்குப் போட்டதும் தண்ணீருக்குள் இன்னொரு பாராளுமன்றம் மிதக்கும். படகில் வருகிறவர்கள் கேமராவைக் கீழே வைக்க மாட்டார்கள்.

அங்கிருந்து கரையோரமாகச் சில நிமிடம் நடந்தால், ஷூக்கள். அறுபது ஜோடி. ஆண்களுடையது, பெண்களுடையது, குழந்தைகளுடையதும்கூட. யாரோ குளிக்க இறங்கும்போது கழற்றிப் போட்ட மாதிரி கிடக்கும். தொட்டால்தான் இரும்பு என்று தெரியும்.

1944-45 குளிர்காலத்தில் 'அம்புச் சிலுவை' கட்சியின் ஆட்கள் யூதர்களை டான்யூப் கரையில் நிறுத்தி, சுட்டு ஆற்றில் தள்ளினார்கள். சுடுவதற்கு முன்னால் ஷூவைக் கழற்றச் சொன்னார்கள். போர்க்காலத்தில் ஷூவுக்கு நல்ல விலை. உயிருக்குத்தான் இல்லை. அதன் நினைவாக 2005-ல் வைத்த இரும்பு ஷூக்கள் இவை.

'ஊர் சுற்றிப் பார்க்க வந்த இடத்தில் எதுக்கு சார் இந்தச் சோகம்?' என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். படகில் போய்ச் சிரிப்பது பாவமில்லை. அங்கே நின்று அழவேண்டும் என்றும் யாரும் சொல்லவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சுட்டவனும் ஹங்கேரிக்காரன், செத்தவரும் ஹங்கேரிக்காரர். கொன்றது யார் என்பதை, பதித்த பலகையே பெயர் சொல்லிச் சொல்கிறது.

கொஞ்சம் தள்ளி சுதந்திர சதுக்கம். அங்கே 2014-ல் இன்னொரு நினைவுச்சின்னம் வைத்தார்கள். ஹங்கேரி ஒரு தேவதூதன். அவன்மேல் பாய்கிற கழுகு ஜெர்மனி. 1944-ல் லட்சக்கணக்கான யூதர்களை ரயிலேற்றி அனுப்பியதில் ஹங்கேரி அதிகாரிகளின் கையும் இருந்ததே, அது எங்கே என்று உள்ளூர்க்காரர்களே சண்டைக்கு வந்தார்கள். இறந்தவர்களின் புகைப்படங்களையும் பழைய பெட்டிகளையும் கொண்டுவந்து எதிரே வைத்தார்கள்.

ஒரே ஊர். ஒரு சின்னம், 'எங்களுக்குச் செய்தார்கள்' என்கிறது. இன்னொன்று, 'நாங்கள் செய்தோம்' என்கிறது. முதலாவதைச் சொல்ல எல்லோருக்கும் வாய் வரும். நம் குடும்பத்தை யார் யார் ஏமாற்றினார்கள் என்ற கதை ஒவ்வொரு வீட்டிலும் உண்டு. நம் தாத்தா யாரை ஏமாற்றினார் என்ற கதை எத்தனை வீட்டில் இருக்கிறது?

பலகை வைத்தால் கணக்குத் தீர்ந்துவிடாது. ஆனால் கணக்கு இருக்கிறது என்றாவது பேரப்பிள்ளைகளுக்குத் தெரியும். அந்த ஷூக்கள் தரையோடு தரையாக இருக்கின்றன. குனியாமல் பார்க்க முடியாது.