கிள்ளிக் கொடுத்தால் தழைக்கும்

திருத்தணியில் சித்திரை, வைகாசி மாதங்களில் மொட்டை மாடியில் செடி வளர்க்க ஒரு வைராக்கியம் வேண்டும். தமிழ்நாட்டில் இன்று எங்கெங்கே வெயில் நூறு டிகிரியைத் தாண்டியது என்று செய்தியில் பட்டியல் வாசிக்கும்போது, அதில் எங்கள் ஊர்ப் பெயர் அடிக்கடி வரும். பாறை பகலெல்லாம் வாங்கிய சூட்டை இரவில் திருப்பித் தரும். அப்படியும் மலையடிவாரத் தெருக்களில் நடந்து பாருங்கள். கிரில் கேட்டுக்குப் பின்னால் துளசி மாடம், ஜன்னல் கம்பியில் மணி பிளான்ட், பெயின்ட் வாளியில் செம்பருத்தி, ஓட்டைக் குடத்தில் ஓமவல்லி, மாடிப்படி ஓரத்தில் பத்துமணிப் பூ. கொல்லைப்புறம் போய்விட்ட வீடுகளில் பசுமை தொட்டிக்குள் குடியேறியிருக்கிறது.

இவ்வளவு பாடுபட்டு ஒரு செடியை வீட்டில் வைப்பது எதற்காக? அழகுக்காக என்று உடனே சொல்லிவிடலாம். ஆனால் அழகு மட்டும்தான் காரணம் என்றால் பிளாஸ்டிக் செடியே போதும். அது தண்ணீர் கேட்காது, கத்திரி வெயிலில் கருகாது, மாதம் ஒருமுறை துடைத்தால் புதிதாக இருக்கும். அதனால் முடியாதது ஒன்றே ஒன்று. "ஒரு கிளை ஒடிச்சுக்கட்டுமா அக்கா?" என்று யாரும் வந்து கேட்க அதில் வழியில்லை. வீட்டுச் செடியின் அழகு அந்தக் கேள்வியில்தான் நிறைவு பெறுகிறது என்பது என் எண்ணம். ஒரு பூவோ, இலையோ, கணுவோ வாசலைத் தாண்டி இன்னொருவர் கைக்குப் போக வேண்டும். அதுவரை அது வீட்டுச் சாமான்களில் ஒன்றுதான்.

எங்கள் ஊரின் தலக்கதையே ஒரு சின்னஞ்சிறு தோட்டத்தைச் சொல்கிறது. இந்திரன் இந்த மலைக்கு வந்து, ஒரு சுனையில் கருங்குவளைக் கொடியை நட்டு வளர்த்தான். காலை, நண்பகல், மாலை என்று மூன்று வேளையும் அதில் மலர்ந்த பூவைப் பறித்து முருகனுக்குச் சாத்தி வழிபட்டான். மலைக்கு நீலோற்பலகிரி என்ற பெயர் அந்தப் பூவால் வந்தது. கேட்டதெல்லாம் தரும் கற்பக மரமும் தேவலோகத்து நந்தவனமும் இந்திரனுக்குச் சொந்தம். அவன் அங்கிருந்து கூடை கூடையாகப் பூ கொண்டு வந்ததாகக் கதை சொல்லவில்லை. பாறையில் தேங்கிய கொஞ்சம் நீர், தன் கையால் நட்ட ஒரு கொடி, வேளைக்கு ஒரு பூ. நட்டதே கொடுப்பதற்காக. ஆடிக் கிருத்திகைக்கு ஊர் ஊராகப் புஷ்பக் காவடி எடுத்து இந்த மலையேறி வருகிறவர்களும் அந்த வழியில்தான் வருகிறார்கள். அவர்கள் தோளில் இருப்பது, எங்கோ யாரோ தண்ணீர் ஊற்றி வளர்த்துப் பிறகு கைவிட்டுக் கொடுத்த பூ.

புராணத்தை விட்டு ஜன்னல் கம்பிக்கு வருவோம். மணி பிளான்ட் பசிபிக் கடலில் தஹிதிக்குப் பக்கத்திலுள்ள மூரேயா என்ற தீவின் கொடி. இன்று அது ஏறாத கிரில் இல்லை, வைக்காத வரவேற்பறை இல்லை. இத்தனைக்கும் அது பூப்பதே இல்லை. 1964க்குப் பிறகு அது தானாகப் பூத்ததாகப் பதிவு கிடையாது. ஜிபெரெல்லின் என்ற வளர்ச்சி ஹார்மோனை உண்டாக்கும் மரபணு ஒன்று சரியாக வேலை செய்யாததே காரணம் என்று 2016இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. பூ இல்லாவிட்டால் காய் இல்லை, விதை இல்லை. காற்றோ பறவையோ அதை நம் வீட்டில் கொண்டுவந்து போட்டிருக்க முடியாது. நம் வீட்டு மணி பிளான்ட் ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் ஒடித்து இன்னொருவருக்குத் தந்த துண்டு. அவருக்கும் அப்படியே வந்தது. கை மாறிக் கை மாறியே ஒரு கொடி உலகம் முழுக்கப் படர்ந்திருக்கிறது. பக்கத்து வீட்டிலிருந்து திருடி வைத்தால்தான் பணம் சேரும் என்று நம் பக்கம் சொல்வதுண்டு. கடையில் வாங்கியது பலிக்காது, ஒரு வீட்டிலிருந்து வந்திருக்க வேண்டும் என்ற மட்டில் அந்தப் பேச்சில் ஓர் உண்மை இருக்கிறது. திருட வேண்டாம், கேட்டாலே கொடுப்பார்கள்.

கொடுப்பதிலும் ஒரு பக்குவம் உண்டு. இலையை மட்டும் கிள்ளிக் கொடுத்தால் அது தண்ணீரில் பல நாள் பச்சையாக இருக்கும், கொடி வராது. இலைக்காம்பு தண்டோடு சேரும் கணு வேண்டும். அந்த இடத்தில் பழுப்பு நிறத்தில் ஒரு சிறு முண்டு துருத்திக்கொண்டிருக்கும். அதற்குச் சற்றுக் கீழே வெட்டி, பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் கணு முழுகும்படி வைத்தால், கொஞ்ச நாளில் அந்த முண்டைப் பிளந்துகொண்டு வெள்ளை வேர் எட்டிப் பார்க்கும். வாரம் தவறாமல் தண்ணீரை மாற்றிவிட வேண்டும், பாட்டிலின் உட்புறத்தையும் தேய்த்துக் கழுவ வேண்டும். தேங்கிய நல்ல தண்ணீரில்தான் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும். தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டுக்கும் இதே கணக்கு.

வெட்டினால் தாய்ச்செடிக்கு வலிக்காதா, வீணாகிவிடாதா என்று தயங்குகிறவர்கள் உண்டு. செடியின் இயல்பு நேர்மாறானது. நுனிக் குருத்தில் ஆக்சின் என்ற பொருள் உற்பத்தியாகித் தண்டு வழியே கீழே இறங்கி, பக்க மொட்டுகளைத் தூங்க வைத்திருக்கிறது. நுனியைக் கிள்ளியதும் அந்தத் தடை விலகி, கீழே இருக்கும் மொட்டுகள் விழிக்கின்றன. ஒன்று போன இடத்தில் இரண்டு, மூன்று கிளை. மல்லிகையைக் கவாத்து செய்தால்தான் புதுத்தளிர் வந்து அதில் பூ வரும். துளசியின் கதிரைக் கிள்ளாமல் விட்டால் அது விதை கட்டி, தண்டு கட்டையாகிச் சீக்கிரம் வயதாகிவிடும். தினம் நாலு கதிர் கிள்ளி சாமிக்கு வைக்கிற வீட்டில் துளசி அடர்ந்து நிற்கும். எதையும் எடுக்காமல் பொத்திப் பொத்தி வளர்த்த செடி ஒரே குச்சியாக உயர்ந்து, கீழே இலை உதிர்ந்து, மெலிந்து ஆடும். கொடுப்பது இழப்பு என்ற நம் கணக்கைச் செடி ஏற்றுக்கொள்வதில்லை.

சின்னத் தோட்டம் அமைப்பது வெளிநாட்டிலிருந்து புதிதாக வந்த பழக்கம் என்று நினைக்கிறவர்களுக்கு நவராத்திரிக் கொலுவை நினைவூட்ட விரும்புகிறேன். கொலுப்படிக்குப் பக்கத்தில் பார்க் கட்டுவது பிள்ளைகளின் உரிமை. ஒரு பெரிய தாம்பாளத்தில் செம்மண்ணும் மணலும் பரப்பி, ஊறவைத்த கடுகையும் கேழ்வரகையும் தூவி, தண்ணீர் தெளித்துவந்தால் மூன்று நான்கு நாளில் வயல் பச்சை கட்டிவிடும். எங்கள் ஊரில் அந்தப் பார்க்கில் மலை கட்டாயம் உண்டு. கருங்கல் துண்டுகளை அடுக்கி உச்சியில் முருகன். கோயிலின் 365 படிக்கு, பிள்ளைகளின் பொறுமைக்கு ஏற்றபடி தீக்குச்சிகள். கீழே ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைக் கிடத்தினால் சரவணப் பொய்கை. முளைகள் வெளிச்சம் வரும் வாசல் பக்கமே சாயும். காலையில் தாம்பாளத்தைத் திருப்பி வைத்தால், சாயங்காலத்துக்குள் தலை நிமிர்த்தி மறுபடி வாசலை நோக்கும். அந்தப் பச்சை ஒரு வாரம், பத்து நாள்தான். விஜயதசமி கழிந்தால் மண் தொட்டிக்குத் திரும்பிவிடும். ஆந்திரப் பக்கத்துத் தெலுங்குக் குடும்பங்கள் பல தசராவுக்கும் சங்கராந்திக்கும் பொம்மைக் கொலு வைக்கின்றன. எந்த மாதத்தில் வைத்தாலும் ஒன்று பொது. வந்து பார்க்க ஆள் இல்லாத கொலு கொலு ஆகாது. வீதியில் போகிறவரைக் கூப்பிட்டு, உட்கார வைத்து, சுண்டலும் வெற்றிலை பாக்கும் கொடுத்து அனுப்புவதற்கு அந்தச் சின்னத் தோட்டம் ஒரு சாக்கு.

கண்ணாடிக் குடுவைக்குள் மூடிய தோட்டத்தின் கதையும் கடைசியில் இதே இடத்துக்குத்தான் வந்து சேர்கிறது. 1829இல் லண்டனில் நதானியேல் வார்டு என்ற மருத்துவர் ஒரு பூச்சியின் கூட்டுப்புழுவை ஈரமண்ணோடு ஜாடியில் போட்டு மூடி வைத்தார். பூச்சி வெளிவருவதற்குமுன் அந்த மண்ணில் ஒரு பெரணியும் ஒரு புல்லும் முளைத்தன. வெளியே ஊர்ப் புகையில் பெரணி பிழைக்காத காலம் அது. உள்ளே ஈரம் ஆவியாகி, கண்ணாடியில் படிந்து, திரும்ப மண்ணுக்கே சொட்டியதால் செடி தழைத்தது. அந்த ஜாடியின் வழியில் பிறந்த கண்ணாடிப் பெட்டி, வார்டு பெட்டி என்ற பெயரில் சீமாட்டிகளின் வரவேற்பறைகளை அலங்கரித்தது. ஆனால் உலகத்தையே மாற்றியது அது வேறு வேலைக்குப் போனபோதுதான். 1833இல் அவர் அந்தப் பெட்டிகளில் செடிகளை ஏற்றிச் சிட்னிக்குக் கப்பலில் அனுப்பினார். மாதக்கணக்கான பயணத்தைத் தாண்டி அவை உயிரோடு போய்ச் சேர்ந்தன. பிறகு சீனத்துத் தேயிலைக் கன்றுகளும், மலேரியாவுக்கு மருந்து தரும் சிங்கோனாக் கன்றுகளும் அப்படித்தான் இந்தியாவுக்கு வந்தன. நம் நீலகிரியில் சிங்கோனா வேர் பிடித்தது 1860களில். அந்தச் செடிகளைப் பேரரசுகள் தங்கள் லாபத்துக்காகவே நகர்த்தின, அதை மறப்பதற்கில்லை. ஆனாலும் பூட்டி வைக்கப் பிறந்த பெட்டியே இடம் பெயர்க்கும் பெட்டியானது என்பது எனக்குப் பெரிய செய்தியாகப் படுகிறது.

எங்கள் ஊருக்கு லாரிகளிலும் சிறு வேன்களிலும் வரும் நாற்றங்கால் செடிகளில் பல கோதாவரிக் கரையில் ராஜமுந்திரிக்குப் பக்கத்துக் கடியத்திலிருந்து வருகின்றன. நிழல்வலைக்குக் கீழே, ஆற்றுப் படுகையின் ஈரத்தில் வளர்ந்த கன்று அது. குலுங்கப் பூத்த ரோஜாவைப் பார்த்ததும் வாங்கி, அன்றைக்கே எங்கள் வெயிலில் வைத்தால் அது தாங்காது. முதலில் நிழல், பிறகு காலை வெயில், அப்புறம்தான் முழு வெயில் என்று பழக்க வேண்டும். தரை மண்ணில் இருக்கும் வேர் சூடு தாங்காவிட்டால் ஆழத்துக்கு இறங்கித் தப்பிக்கும்; தொட்டி வேருக்குப் போக்கிடம் இல்லை. சுட்ட மண் தொட்டியின் சுவரில் நீர் கசிந்து ஆவியாகி வேரைக் குளிர்விக்கும். கறுப்புப் பிளாஸ்டிக்கில் அந்த ஆறுதல் கிடையாது. தொட்டிகளை நெருக்கி வைத்தால் ஒன்றின் நிழல் மற்றொன்றின் மண்ணைக் காக்கும். வெயில் ஏறுமுன் ஒருமுறை, சாய்ந்தபின் ஒருமுறை தண்ணீர். அரிசி கழுவிய நீரும் ஆகும்.

இவ்வளவு பார்த்தும் சில கோடைகள் எல்லாவற்றையும் மீறிவிடும். ஒரு வருஷம் அக்னி நட்சத்திரத்தில் எங்கள் மாடி ஓமவல்லி முழுதும் வெந்து தொட்டியோடு படுத்துவிட்டது. மழை வந்தபிறகு, எதிர்வீட்டில் தெலுங்கு பேசும் பெரியம்மாவிடம் கிளை கேட்கப் போனேன். கொல்லைக் குழாயடியில் புதர்போல மண்டியிருந்தது. "உங்க வீட்டுச் செடிதாம்மா இது. பேரனுக்குச் சளின்னு நீதானே அன்னைக்கு ரெண்டு கிளை கொடுத்தே" என்று சொல்லிக் கை நிறைய ஒடித்துத் தந்தார். கிளை ஒடித்து வைத்து வந்த செடி தாய்ச்செடியின் வாரிசு மட்டுமன்று, உடலும் உயிரும் அதே செடி. என் வீட்டில் செத்ததாக நான் நினைத்தது பத்தடி தள்ளி நன்றாக வாழ்ந்துகொண்டிருந்தது. நான் பத்திரப்படுத்தியது கருகியது, கைவிட்டுக் கொடுத்தது பிழைத்தது.

வெயிலூரில் ஒரு செடியைக் காப்பாற்ற இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. ஒரு தொட்டியில் இருக்கும் செடி, ஒரு வாரம் நாம் ஊருக்குப் போனால் முடிந்துபோகும். ஐந்து வீட்டில் இருக்கும் செடி ஒரு வெயிலுக்கு அழியாது. ஊருக்குப் போகும்போது மாடிச் சாவியை வாங்கிக்கொண்டு, "நான் ஊத்திக்கிறேன், நீங்க போயிட்டு வாங்க" என்று சொல்ல ஆள் கிடைப்பதும் அந்த ஐந்து வீட்டில்தான். அந்த ஐந்து வீடும் ஒரே மொழி பேச வேண்டும் என்பதில்லை. இந்த மண்ணை ஒருகாலத்தில் எந்த மாநிலத்தோடு சேர்ப்பது என்று பெரிய வழக்கு நடந்தது. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாக 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அந்த எல்லைக் கோடு அரசுக்குத் தேவை, அதற்காகப் பாடுபட்டவர்களுக்கு நாங்கள் கடன்பட்டவர்கள். தெருவுக்குள் தமிழ் வீடும் தெலுங்கு வீடும் அதற்குப் பிறகும் சுவர் தாண்டித்தான் கிளை கொடுத்து வாங்குகின்றன.

தனியாக இருக்கும் முதியவர்களுக்குச் செடியே பேச்சுத்துணை. அதைக் கிள்ளிக் கொடு என்று கேட்பது சரியா என்று ஒருவர் கேட்கலாம். அவர்களிடம்தான் முதலில் போய்க் கேட்க வேண்டும் என்பேன். ஒரு கிளை கேட்டுக் கதவைத் தட்டுகிறவர், அடுத்த வாரம் "பிடிச்சிருச்சு பாட்டி" என்று சொல்லவும் வருவார். வாங்கத் தெரிந்தவர்களும் இருந்தால்தான் கொடுக்கிறவர்களுக்கு வேலை இருக்கும்.

அடுத்தமுறை ஒரு செடி வாங்கப் போகும்போது கூடவே இரண்டு காலித் தொட்டிகளும் வாங்குங்கள். வந்த செடி வேர் பிடித்துக் கிளைத்ததும் அவற்றில் இரண்டு கிளைகளை ஊன்றி வையுங்கள். புதுமனை புகுவிழாவுக்குச் சுவர்க் கடிகாரத்துக்குப் பதில் ஒன்று போகட்டும். மாடிக்குப் புதிதாகக் குடிவந்திருக்கும் தம்பதிக்கு மற்றொன்று. கொடுக்கும்போது வெயில் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று சேர்த்துச் சொல்லுங்கள். வீடு அழகாக இருக்கிறதா என்பதை வரவேற்பறையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உங்கள் வீட்டுச் செடி இன்று எத்தனை வீட்டில் வளர்கிறது என்று எண்ணிப் பார்த்துச் சொல்லுங்கள்.